தோடந்தோட்டத்தில் உயராத கை

என் பிள்ளைக்கு,

உன் திருமண அழைப்பிதழ் போன கிழமை வந்து சேர்ந்தது. அம்மா அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் தொட்டு, பிறகு கண்ணாடி அலமாரிக்குள் நிறுத்தி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு பக்கம் இத்தாலிய மொழி, ஒரு பக்கம் ஜேர்மன், ஒரு பக்கம் தமிழ். தமிழில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கியது வீண்போகவில்லை என்று அம்மா சொன்னாள். நீ தமிழை எங்கே எழுதுகிறாய், எங்கே பேசாமல் விடுகிறாய் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு இன்னும் தெரியாது.

"அப்பா ஏன் என்னோடை கதைக்கிறார் இல்லை?" என்று நீ அவளிடம் கேட்டாயாம். தொலைபேசியில் கதைத்தால் ஒன்றில் சத்தம் போடுவேன், இல்லாவிட்டால் உன் குரலைக் கேட்டதும் எல்லாவற்றையும் விழுங்கிவிடுவேன். இரண்டும் எனக்கு வேண்டாம். ஆகவே எழுதுகிறேன். இதை எங்கள் ஆட்கள் நடத்தும் சஞ்சிகைக்கும் கொடுக்கப்போகிறேன். உனக்குக் கோபம் வரும். ஆனால், நீ எங்களுடைய கதையை முன்பின் தெரியாத மனிதர்களுக்கு, என்னையும் எழுப்பி நிறுத்தி வைத்துக்கொண்டு சொன்னாய். அந்த உரிமையை நானும் ஒருமுறை எடுத்துக்கொள்கிறேன். உன் பெயரைப் போடவில்லை. இதில் வரும் மற்றவர்களின் பெயர்களும் நான் வைத்தவை.

பங்குனி மாதம் உன்னிடம் சிசிலிக்கு வந்தபோது நான் எவ்வளவு சந்தோஷமாக வந்தேன் என்று உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஹனோவரில் கிடைத்த நல்ல பொறியியல் வேலையை விட்டுவிட்டு, யாரோ சில இளம் ஆட்களோடு சேர்ந்து தோட்டம் செய்யப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து நான் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பிடிவாதத்தை அம்மாதான் உடைத்தாள். "ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வந்து பிறகு கோவியுங்கோ" என்று சீட்டையும் எடுத்துத் தந்தாள். இங்கே ஜேர்மனியில் ஹம் நகரத்து மரக்கறிக் களஞ்சியத்தில் நான் வேலை செய்த காலமெல்லாம் சிசிலி ஆரஞ்சு என்று அச்சடித்த தோடம்பழப் பெட்டிகளைத் தூக்கியிருக்கிறேன். அந்தப் பெட்டிகளை என் முதுகு அறியும். அந்த மரங்களை அன்றுதான் கண்டேன்.

முதல் நாள் காலையில் நீ என்னைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போனாய். ஈரப் புல்லில் என் சப்பாத்து நனைந்தது. மரவரிசைகளுக்கு நடுவே அவரைச்செடிகள் பூத்து நின்றன. "இதைக் காய்க்க விடமாட்டம் அப்பா. பூக்கேக்கை வெட்டி இந்த மண்ணுக்கையே போட்டிடுவம். இது மண்ணுக்குச் சாப்பாடு" என்றாய். ஒரு பழத்தைப் பறித்துக் கையாலேயே உரித்துத் தந்தாய். உள்ளே பீட்ரூட் நிறம். நகமெல்லாம் சிவந்துபோய் நீ சிரித்துக்கொண்டு நின்றாய். மருந்து அடிப்பதில்லை, முதலாளி என்று ஒருவரும் இல்லை, எல்லோருக்கும் ஒரே அளவு பங்கு, எந்த முடிவையும் எல்லோரும் கூடிக் கை தூக்கித்தான் எடுப்போம் என்று நீ சொல்லச் சொல்ல, என் கோபம் எந்த வழியால் போனது என்றே தெரியவில்லை. லூக்காவையும் அன்றுதான் பார்த்தேன். உனக்குப் பக்கத்தில் நின்று, நான் சொல்லும் ஜேர்மன் சொற்களைப் பாதி விளங்கியும் விளங்காமலும் தலையாட்டிக்கொண்டிருந்த உயரமான பெடியன். இவனைத்தான் கட்டப்போகிறேன் என்று நீ சொல்லவில்லை. நானே விளங்கிக்கொண்டேன். அன்று இரவு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, "பிள்ளை நல்லாத்தான் இருக்கிறாள், நாங்கள்தான் பிழையா நினைச்சிட்டம்" என்றேன்.

அடுத்த நாள் மத்தியானம் ஜேர்மனியிலிருந்து உங்கள் பழம் வாங்குகிற குடும்பங்கள் தோட்டம் பார்க்க வந்திருந்தன. ஒலிவ மரங்களுக்குக் கீழே நீளமான மேசை போட்டிருந்தீர்கள். பாண், ஒலிவ் எண்ணெய், அவித்த கடலை, வெட்டி வைத்த தோடம்பழம். நீ எழும்பிக் கோப்பையில் கரண்டியால் தட்டினாய். என்னைக் காட்டி, "இவர் என் அப்பா" என்றாய். நானும் எழும்பி நின்றேன். எண்பதுகளில் அப்பா ஒரு பிளாஸ்டிக் பையோடு கிழக்கு பேர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார், அவரை எவருக்கும் தெரியாது, குளிரில் அலைந்த அவருக்கு ஒரு வயதான ஜேர்மன் தம்பதி தங்கள் கதவைத் திறந்துவிட்டு, சூப்பும் படுக்கையும் கொடுத்தார்கள், அந்தக் கதவைத்தான் நாங்கள் இந்தத் தோட்டத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறோம் என்று நீ அழகான ஜேர்மன் மொழியில் சொன்னாய். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். இன்னொருத்தி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் சிரித்தேன். ஜேர்மனியில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு அந்தச் சிரிப்பு தானாக வரும்.

ஒரு தம்பதியும் எனக்குக் கதவு திறக்கவில்லை, பிள்ளை. உனக்கு அது தெரியும். அகதி முகாமிலிருந்து வேலை தேடி வந்த என்னைத் தன் அறையில் படுக்க வைத்தவர் சண்முகம் அண்ணை. அதற்கு முன் நான் அவரைக் கண்டதும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை. அவருக்கே அப்போது ஒழுங்கான விசா கிடையாது. அடுத்தமுறை நீட்டிப்பார்களா, திருப்பி அனுப்புவார்களா என்று வெளிநாட்டவர் அலுவலகத்தின் ஒவ்வொரு டெர்மினுக்கும் பயந்து பயந்து போய்வந்துகொண்டிருந்தவர். அவர் களஞ்சியத்து மேற்பார்வையாளரிடம் என்னைக் கூட்டிக்கொண்டுபோய், "இவர் எங்கட ஊர்ப் பெடியன். இவர் ஏதும் பிழை விட்டால் என்னை நிப்பாட்டுங்கோ" என்று தனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னார். மேற்பார்வையாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊர் எவ்வளவு பெரியது? போன மாதமும் ஒருவரை இப்படித்தானே கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டார். பிறகு சிரித்துவிட்டு என்னை எடுத்துக்கொண்டார். நான் அந்த வேலையில் நின்றதால்தான் அம்மா வந்தாள், நீ பிறந்தாய். ஊன்ட்றொப் கோயில் தேர்த் திருவிழாவில் உன்னைத் தோளில் தூக்கிவைத்து அம்மனைக் காட்டியவர் அவர். அவருடைய செத்தவீட்டில் நீ அழுத அழுகை எனக்கு நினைவிருக்கிறது.

வந்தவர்கள் போன பிறகு உன்னிடம் கேட்டேன். நீ கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாய்.

"பிள்ளை, சண்முகம் மாமா எங்கை போனவர்?"

நீ உடனே விளங்கிக்கொண்டாய். "அப்பா, கேக்கிற ஆக்களுக்கு அது தங்கட கதையா இருக்கவேணும். அப்பத்தான் மனசிலை நிக்கும். நான் கெட்ட விசயமா ஒண்டும் சொல்லேல்லையே."

"அந்த மனுசன் இல்லாமல் போட்டுது."

"ஒரு கதை அப்பா. விடுங்கோவன்."

நான் விட்டேன். விட்டிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது.

அன்று பின்னேரம் பழம் அடுக்கும் கொட்டிலுக்குப் பின்னால் நடந்தபோது தமிழ்க் குரல் கேட்டது. "வீட்டுப்பாடம் செய்து முடிச்சனீயோ? அம்மாட்டைக் குடு" என்று யாரோ தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். சக்கரம் கழற்றிய ஒரு பழைய கேரவன் வண்டிவீட்டு வாசலில், வாளியைக் கவிழ்த்து அதில் இருந்துகொண்டு ஒருவன் கதைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து, நாற்பது வயது இருக்கும். என்னைக் கண்டதும் எழும்பிவிட்டான்.

"அண்ணை, நீங்கள் அந்தத் தங்கச்சியின்ரை அப்பாவோ?"

"ஓம். தம்பி எந்த இடம்?"

"முள்ளியவளை."

அவனைத்தான் இந்தக் கடிதத்தில் நேசன் என்கிறேன். இரண்டு அறுவடைக் காலமாக உன்னோடு வேலை செய்கிறவன். ஒரு தமிழன் அங்கே இருக்கிறான் என்று நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனிடம் நீ இத்தாலிய மொழியில்தான் பேசுகிறாய் என்பதை நான் மறுநாள் காதால் கேட்டேன். "அவர் ஏன் மேசைக்கு வந்து சாப்பிடுறேல்லை?" என்று உன்னிடம் கேட்டபோது, "அது உறுப்பினர் மேசை அப்பா. சீசன் ஆக்கள் தாங்களே சமைக்கினம், அவைக்கு அதுதான் விருப்பம்" என்றாய். விருப்பமோ என்று அவர்களிடம் கேட்டாயா என்று கேட்டேன். நீ ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாய்.

நான் அவனோடு போய்ச் சாப்பிட்டேன். பருப்பும் மத்தி மீன் குழம்பும் வைத்திருந்தான். மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டுக் கடல்வழியாக வந்தவன். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு நடந்துகொண்டிருந்தது. வருடம் முழுவதற்கும் ஒரு வேலை ஒப்பந்தம் காட்டினால் நீதிமன்றம் இரங்கக்கூடும் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அவனோடு பழகியவர்கள் சிலர், லூக்கா உட்பட, அவனை உறுப்பினராகச் சேர்த்து அந்த ஒப்பந்தத்தைக் கொடுக்கலாமா என்று அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்கப்போவதாகவும் சொன்னான். எங்கே கெஞ்சுவதுபோல் இருந்துவிடுமோ என்று கூச்சப்பட்டு, மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே அவன் கேட்டது இவ்வளவுதான்.

"அண்ணை, நான் தங்கச்சியிட்டை நேரை கேக்கேல்லை. அவவுக்குச் சங்கடமா இருக்கும். நீங்கள் ஒருக்கால் சொல்லிவிட்டால் நல்லது."

"நீர் யோசியாதையும். அவள் கதைப்பாள்" என்றேன்.

உன்னைக் கேட்காமலே உன் பெயரில் வாக்குக் கொடுத்தேன். என் பிள்ளை இதற்கு என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அன்று மாலை உன்னிடம் சொன்னபோது நீ, "பாப்பம் அப்பா" என்றாய். அதையும் நான் ஓம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கொட்டிலுக்குள் நடந்தது. உங்களில் பாதிப்பேர் ஜேர்மனியர் என்பதால் இத்தாலிய மொழியில் பேசியதையும் உடனுக்குடன் ஜேர்மனில் மாற்றிச் சொன்னார்கள், எனக்கு எல்லாம் விளங்கியது. நான் பின்னால் ஒரு நீள மரவாங்கில் கோப்பிக் கோப்பையோடு இருந்தேன். கதவு திறந்திருந்தது. வெளியே நேசன் பழக்கூடைகளுக்குத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தான். லூக்கா எழும்பிச் சுருக்கமாகப் பேசினான். இவருடைய வேலையை எல்லோரும் அறிவோம், இவருக்கு எங்கள் கையெழுத்து தேவை, கொடுப்போம் என்றான். ஒருவர் வருமானம் போதாது என்றார். இன்னொருவர், இன்று இவரைச் சேர்த்தால் நாளைக்கு மற்றச் சீசன்காரரும் கேட்பார்கள் என்றார். பலர் ஒரு முடிவுக்கும் வராமல் இருந்தார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. அப்போது நரைத்த தலைமுடிப் பெண் ஒருத்தி உன் பக்கம் திரும்பி, "உனக்குத்தான் அவருடைய மொழி தெரியும். நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டாள்.

எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"என்னை இதில் கேட்கவேண்டாம்" என்று நீ சொன்னாய். "அவரும் நானும் ஒரே இனம் என்பதால் நான் நடுநிலையாக இருக்க விரும்புகிறேன். இது உணர்ச்சியில் எடுக்கும் முடிவாக இருக்கக்கூடாது."

பிறகு கைகளை உயர்த்தச் சொன்னார்கள். லூக்கா முதலில் தூக்கினான். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள் எழும்பின. அந்த நரைத்த தலைமுடிப் பெண் உன்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பாதி தூக்கிய கையை இறக்கி மடியில் வைத்தாள். உன் இரண்டு கைகளும் மேசையில் இருந்தன. நான் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தக் கூட்டத்தில் கை இல்லை, பிள்ளை. இருந்திருந்தால் இரண்டையும் தூக்கியிருப்பேன்.

அவனைச் சேர்ப்பதில்லை என்ற முடிவை அவனிடம் யார் சொல்வது என்று கதை வந்தது. அவனுடைய மொழி தெரிந்தவள் சொல்வதுதான் மரியாதை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நீ எழும்பி என் வாங்குக்கு வந்து, என் காதோடு தமிழில் சொன்னாய்: "அப்பா, நீங்கள் சொல்லிவிடுங்கோ. உங்களோடைதானே அவர் பழகினவர்."

நான் போனேன். போகாமல் விட்டிருந்தால் நீ இத்தாலிய மொழியில் சொல்லியிருப்பாய். அவன் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டான். அவன்தான் என்னைத் தேற்றினான்.

"பரவாயில்லை அண்ணை. தங்கச்சி கதைச்சவவோ?"

"ஓம், கதைச்சவள்" என்றேன்.

"அது காணும் அண்ணை" என்றான். திரும்பவும் குழாயைத் திறந்தான்.

உனக்காக நான் சொன்ன பொய் அது. அவன் அதை நம்பி உன்னை நன்றியோடு நினைத்துக்கொண்டிருப்பான்.

அன்று பின்னேரம் தோட்டத்து வேலியோரம் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது உனக்கும் நினைவிருக்கும். ஆனாலும் எழுதுகிறேன். நீ வேறுவிதமாக மாற்றிச் சொல்லிப் பழகிவிடக்கூடாது.

"நான் தமிழ் எண்டதாலை அவருக்காகக் கதைக்கேலாது அப்பா. அவை என்னை எப்பிடிப் பாப்பினம்?"

"எப்பிடிப் பாப்பினம்?"

"தன்ரை ஆக்களைக் கொண்டுவந்து நிரப்பப் பாக்கிறாள் எண்டு."

"ஒரு ஆள், பிள்ளை. ஒரேயொரு ஆள்."

"என்ரை கை ஒண்டு எழும்பியிருந்தாலும் தோத்துத்தான் இருக்கும். நீங்களே பாத்தனீங்கள்தானே."

பார்த்தேன். எழும்பிய கைகள் குறைவுதான். நீ கணக்கில் கெட்டிக்காரி, அன்றும் உன் கணக்கு சரி. ஆனால் அங்கே இருந்தவர்கள் உன் முகத்தைப் பார்த்துத்தான் தங்கள் கையை வைத்திருந்தார்கள். அந்த மனிதனை அறிந்தவளே அசையாமல் இருக்கும்போது நாங்கள் ஏன் என்று நினைத்தார்கள். நடுநிலை என்று நீ சொன்ன அந்தச் சொல் அவனுக்கு எதிராக விழுந்த முதல் வாக்கு. உனக்கு அது விளங்காது என்று நான் நம்பவில்லை.

மறுநாள், அம்மாவுக்கு முழங்கால் நோ என்று சொல்லிவிட்டுச் சீட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவுக்கு ஒரு நோவும் இல்லை.

வந்த பிறகு பல நாட்கள் இது எங்கிருந்து உனக்கு வந்தது என்று யோசித்தேன். சின்ன வகுப்பில் படிக்கும்போது, பொஸ்னியாவிலிருந்து வந்த ஒரு சிறுமியை ஆசிரியை கடைசி வாங்கில் தனியே விட்டிருந்தார் என்று, நீ உன் கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாய். சொல்லியும் எழும்பவில்லை. எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து, "உனக்கேன் மற்றவையின்ரை வேலை? நாங்களே இஞ்சை ஒதுங்கி இருக்கிற ஆக்கள்" என்று உன்னை ஏசினேன். நீ படிப்பில் எதையும் ஒருமுறை கேட்டால் மறக்காத பிள்ளை. இதையும் மறக்கவில்லையோ என்னவோ. அப்படியானால் அந்தப் பழியில் பாதியை எனக்குத் தா, வாங்கிக்கொள்கிறேன். மிச்சப் பாதி உன்னுடையது. நீ இப்போது சின்னப் பிள்ளை இல்லை.

நேசனுடைய மேன்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது. அதை எனக்குத் தொலைபேசியில் சொன்னவன் லூக்கா, நீ அல்ல. தன் உடைந்த ஜேர்மனில், மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னான். நேசன் ஒரு காலையில் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் போய்விட்டானாம். வண்டிவீட்டைத் துப்புரவாகக் கூட்டித் துடைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் தந்த இலக்கத்துக்கு இன்றுவரை எடுத்துப் பார்க்கிறேன். இணைப்பில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொல்கிறது. முள்ளியவளையில் அவனுடைய மகள் யாரிடம் வீட்டுப்பாடம் ஒப்புவிக்கிறாள் என்று தெரியவில்லை.

உனக்குப் புத்தி சொல்லும் வயதை நீ தாண்டிவிட்டாய். ஆனாலும் தகப்பன் கடிதம் எழுதினால் ஒன்று இரண்டு சொல்லாமல் விடமாட்டான். மண்ணுக்குச் சாப்பாடு போடுகிறாய், நல்லது. அந்த மண்ணில் குனிந்து வேலை செய்கிறவன் என்ன சாப்பிடுகிறான், எங்கே இருந்து சாப்பிடுகிறான் என்று போய்ப் பார். அவனுடைய மொழி உனக்குத் தெரிந்தால் அதில் பேசு. உன்னைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம் வரும்போது, அந்தப் பயத்துக்கு நீதி என்று பெயர் வைக்காதே. என் கதையை இனி அந்த மேசையில் சொல்லாதே. சொல்லத்தான் வேண்டும் என்றால் சண்முகம் மாமாவின் பெயரோடு சொல். கேட்கிறவர்களுக்குப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை.

நாங்கள் கலியாணத்துக்கு வருகிறோம். அம்மா கூறைச்சேலையும் வாங்கிவிட்டாள், தாலிக்குச் சொல்லியும் ஆயிற்று. இங்கே எங்கள் ஆட்கள் சிலர் வாயைக் கோணிக்கொண்டு, "வெள்ளைக்காரனுக்கோ குடுக்கிறியள்?" என்று கேட்கிறார்கள். மாப்பிள்ளையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கூட்டத்தில் அவன்தான் எனக்குப் பிள்ளை மாதிரி நடந்துகொண்டான். உன் கையைப் பிடித்து அவன் கையில் வைக்கும்போது, நல்ல ஒருவனுக்கு என்ன கொடுக்கிறேன் என்ற யோசனைதான் எனக்கு வரும். நீ அதை என் முகத்தில் காண்பாய், காணாததுபோல் இரு.

லூக்காவிடம் இதைப் பற்றி நான் ஒன்றும் பேசமாட்டேன். பேசத் தேவையில்லை. அன்று அவன் உனக்குப் பக்கத்துக் கதிரையில்தான் கையைத் தூக்கிக்கொண்டு இருந்தான். உன் கை எங்கே இருந்தது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் உன்னைக் கட்டுகிறான். எனக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை. பெற்றவன் என்பதால் வருகிறேன்.

அப்பா